பதினேழாம் வருஷத்துக் காசு

ஒரு தங்கக் காசில் குறை கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. லென்ஸைக் கண்ணில் வைத்து, நெற்றியைச் சுருக்கி, "ம்ஹூம்" என்று இழுத்தால் போதும். எதிரே இருப்பவருக்கே சந்தேகம் வந்துவிடும். மூன்று வருஷமாக நான் இந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நல்ல காசுகளை எல்லாம் நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பினேன். காசின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அந்தக் காசு கிடைத்துவிட்டால் என் அண்ணனும் தம்பியும் ஒரே அறையில் உட்காருவது அன்றோடு சரி. அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று ஒன்பது வருஷம் ஆகிறது.

முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா பஸ் கம்பெனியில் டிக்கெட் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், வெளியூர் போக மாட்டார். வருஷத்துக்கு ஒரு தங்கக் காசு வாங்குவார், அவ்வளவுதான் அவருடைய ஆடம்பரம். எல்லாம் ஒரே ராணியின் காசு. ஒரு பக்கம் ராணியின் தலை, மறுபக்கம் பாய்மரக் கப்பல். கோட்டுப் பொத்தான் அளவுகூட இருக்காது. அந்த ராணி இருபத்தைந்து வருஷம் ஆண்டாள். வருஷத்துக்கு ஒன்று என்று இருபத்தைந்து காசு சேர்ந்தால் வரிசை முழுசாகிவிடும். அதற்காகத் தச்சரிடம் சொல்லி, இருபத்தைந்து குழி போட்ட ஒரு பலகை செய்து வைத்திருந்தார். அவர் போகும்போது ஆறு குழி காலியாக இருந்தது.

எங்கள் பலகையில் ஏறுகிற காசு லேசாகப் புழங்கியதாக இருக்கவேண்டும். அச்சிலிருந்து நேராகப் பெட்டிக்குள் போன, கைபடாத காசு கூடாது. தேய்ந்து ராணி யார் என்றே தெரியாமல் போன காசும் கூடாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா இதற்கு ஒரு தத்துவம் சொல்வார். மனுஷன் கை படாத காசு காசே இல்லை, நாலு பேர் கையில் இருந்து வந்தால்தான் அதற்கு உயிர் என்பார். எங்களுக்கு உண்மை தெரியும். கைபடாத காசுக்கு விலை இரண்டு மடங்கு. ஆனாலும் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார், எங்களையும் நம்ப வைத்துவிட்டார். மூன்று அடையாளம் பார்க்கச் சொல்வார். ராணியின் காது மேல் விளிம்பு மட்டும் கொஞ்சம் மழுங்கியிருக்கவேண்டும். காதுக்கு மேலே உள்ள ஐந்து முடிக்கற்றையும் தனித்தனியாக எண்ண வரவேண்டும். எழுத்துகளின் இடுக்கில் பழைய மினுமினுப்பு மிச்சம் இருக்கவேண்டும்.

இதற்கு மேல் ஒரு நிபந்தனையும் வைத்துவிட்டுப் போனார். மூன்று பிள்ளைகளும் சரி என்றால்தான் காசு பலகையில் ஏறும். ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அதோடு தீர்ந்தது, மற்றவர்கள் அதைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, காசு கடைக்காரரின் கவருக்குள் திரும்பிப் போய்விடும். அவர் உயிரோடு இருந்தபோதே அப்படித்தான் நடந்தது. ஆறாவது படிக்கும்போது தம்பி ஒரு காசை வேண்டாம் என்று சொல்லி, அப்பா கடைக்காரரிடம் அசடு வழிந்துகொண்டு திருப்பிக் கொடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். நாள் முழுக்க அடுத்தவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அவனுக்குப் பொறுமை அதிகம், பேச்சு கம்மி. தம்பி லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. நடுவில் நான், ஒரே பெண். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். முப்பது வருஷமாக ஊரார் எலும்பை எல்லாம் பார்த்தாயிற்று. முடி அளவு விரிசலைக்கூட டாக்டருக்கு முன்னால் நான் பார்த்துவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை.

அப்பாவுக்குக் குடல் அடைத்துக்கொண்டது. நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். தம்பி வேறு ஊரில் லிஃப்ட் மாட்டிக்கொண்டிருந்தான். காலையில்தான் வர முடியும். "நான் வர்ற வரைக்கும் யாரும் எதுலயும் கையெழுத்து போடாதீங்க. நான் அப்பாவைப் பாத்துடறேன்" என்று போனில் சொன்னான். டாக்டர் இன்றைக்கே ஆபரேஷன் செய்யலாம் என்றார், காலை வரை பொறுத்தும் பார்க்கலாம், இரண்டிலும் ஆபத்து உண்டு என்றார். அண்ணன் கையெழுத்துப் போட்டான். அப்பா ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டார். மறுநாள் காலை பெட்டியும் கையுமாக வந்த தம்பி, வராந்தாவில் நாலு பேர் முன்னால் அண்ணனைப் பார்த்து, "நீதான் கொன்ன" என்றான். அண்ணன் பதில் சொல்லவில்லை. அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது, அதுவும் ஒருவர்தான் பேசினார்.

அண்ணன் சொல்லாத ஒன்று இருக்கிறது. நானும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஆபரேஷன் காகிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் கீழே என் எக்ஸ்ரே அறைக்கு வந்தான். "அவன் காலையில வந்துடறேங்கறான். பொறுத்துப் பாக்கலாமா? நீ சொல்லு, நீதான் படத்தைப் பாத்த" என்றான். நான் பார்த்திருந்தேன். "பொறுத்தா குடல் வெடிச்சிடும். அவனுக்காகக் காத்துட்டிருக்க முடியாது. போடு கையெழுத்து" என்றேன். அடுத்த ஆள் படத்துக்காக வெளியே காத்துக்கொண்டிருந்தார். மொத்தம் ஒரு நிமிஷம்கூடப் பேசியிருக்க மாட்டோம். நான் சொன்னது சரிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வராந்தாவில் தம்பி அப்படிச் சொன்னபோது நான் அண்ணனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை, காசு பார்க்கிற சாக்கில், இரண்டு பேரையும் பிடித்து இழுத்து வந்து உட்காரவைப்பேன். வேறு எதற்கும் வர மாட்டார்கள். கல்யாணம் கருமாதிக்குக்கூட ஒருவன் காலையில் தலைகாட்டினால் மற்றவன் மாலையில் வருவான். அப்பா போட்ட நிபந்தனையை மட்டும் இருவரும் மீறவில்லை. முதல் ஐந்து வருஷத்தில் ஐந்து குழி நிரம்பிவிட்டது. எஞ்சியது ஒன்றே ஒன்று. ராணியின் பதினேழாம் வருஷத்துக் காசு. அந்த வருஷம் காசு குறைவாக அடித்தார்கள் என்பதால் கிடைப்பது அரிது, ஆனால் கிடைக்காமல் இல்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று எங்கள் வியாபாரி கையில் வந்துவிடும். அதைப் பலகையில் ஏற்றாமல் பார்த்துக்கொள்வது என் வேலையாகிவிட்டது. இன்னும் ஒரு வருஷம் கொடுத்தால் ஏதாவது ஒரு பேச்சில் இவர்கள் ஒட்டிக்கொள்வார்கள், நான் உண்மையைச் சொல்லாமலே கதை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கோழைத்தனம்தான். வேறு பெயர் வைத்துக்கொள்ள மனசு வரவில்லை.

வியாபாரியை நாங்கள் லென்ஸ்காரர் என்போம். ஷூ லேஸில் கோத்த லென்ஸ் எப்போதும் கழுத்தில் தொங்கும். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு அறை. ஒரு ஆள் இறங்கினால் இன்னொரு ஆள் ஏற முடியாத மாடிப்படி. வடக்குப் பார்த்த ஜன்னல், அதன் கீழே கறுப்புத் துணி விரித்த மேஜை, கழுத்து வளைகிற ஒரு விளக்கு. மேல் விளக்கைப் போடவே மாட்டார், மேலிருந்து வருகிற வெளிச்சம் பொய் சொல்லும் என்பார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொரு காசும் தனித்தனிக் காகிதக் கவரில் இருக்கும். அந்தக் கவரின் முதுகில் பென்சிலால் ஏதோ கிறுக்கி வைத்திருப்பார். எடை, எங்கே வாங்கினார் என்று குறித்து வைக்கிறார் போலும் என்று நான் ஒருநாளும் அதைப் படித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு மூன்று பேரும் போய்ச் சேர்ந்தோம். மூன்று நாற்காலி. வழக்கம்போல நான் நடுவில் மதில் சுவர்.

"அக்கா, அவரை அந்த விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லு" என்றான் தம்பி.

அவர் என்றால் அண்ணன். விளக்கு அண்ணனின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. தம்பி கையை நீட்டினாலே எட்டும்.

"விளக்கு" என்றேன் அண்ணனிடம்.

அண்ணன் திருப்பினான். "போதுமான்னு கேளு."

"போதுமா?"

"போதும்னு சொல்லு."

லென்ஸ்காரர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். ஒன்பது வருஷமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறார். சிரிக்காமல் இருப்பதற்கே அவருக்குத் தனியாகக் கொடுக்கவேண்டும்.

"இந்த வருஷம் மூணு இருக்கு" என்று மூன்று கவர்களை வரிசையாக வைத்தார். "மூணும் பதினேழாம் வருஷம்தான். நிதானமா பாருங்க."

முதல் காசை நான் எடுத்தேன். எப்போதும் நான்தான் முதலில் எடுப்பேன். முதலில் எடுக்கிறவர் வேண்டாம் என்றால் வேலை சுலபம். காசின் விளிம்பைப் பிடித்துத் திருப்பினேன். ராணியின் தலைக்கு நேர் மேலே விளிம்பில் ஒரு தழும்பு. யாரோ இதில் வளையம் வைத்துப் பற்றவைத்து, சங்கிலியில் கோத்துப் போட்டிருக்கிறார்கள், பிறகு அறுத்துவிட்டு அரம் போட்டிருக்கிறார்கள். இந்த முறை நான் பொய் சொல்லவே தேவை இருக்கவில்லை.

"கழுத்துல கெடந்த காசு" என்றேன்.

"ஆமாம்மா, அதான் விலையும் கம்மி" என்று லென்ஸ்காரர் கவருக்குள் போட்டார்.

இரண்டாவதை அண்ணனே கேட்டு வாங்கினான். மேஜைக்கு நேராகக் குனிந்து அரை நிமிஷம் பார்த்தான்.

"ராணிக்கு வழுக்கை விழுந்துடுச்சு" என்றான்.

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று இருமி அதை மறைத்தான். எனக்கு உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம். பார்த்தீர்களா, இன்னும் ஒரு வருஷம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நல்லவேளையாக இரண்டு காசு போய்விட்டது, மூன்றாவதையும் ஒழித்துக்கட்டினால் அடுத்த வருஷம் நிச்சயம்.

மூன்றாவதை எடுக்கக் கையை நீட்டினேன். லென்ஸ்காரர் அதைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்துவிட்டார். வேண்டுமென்றே செய்தாரா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

தம்பி தன்னுடைய லென்ஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். லிஃப்டின் கம்பிவடத்தில் எந்த இழை அறுந்திருக்கிறது என்று பார்க்கிற லென்ஸ் அது. சின்ன வயசிலிருந்தே அவன் வாய்விட்டுத்தான் எண்ணுவான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அஞ்சு. அஞ்சும் இருக்கு." காசை ஜன்னல் பக்கம் சாய்த்தான். "காது லேசா மழுங்கியிருக்கு. எழுத்து இடுக்குல மினுக்குது. கப்பல்ல பாய் நல்லா இருக்கு." லென்ஸை இறக்கினான். "அக்கா, இதுதான். எனக்கு சரி."

காசை என்னிடம் நீட்டினான். என் கைக்கு வருவதற்குள் அண்ணன் குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டான். ஒன்பது வருஷத்தில் அவர்கள் விரல் உரசிக்கொண்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அண்ணன் வெகுநேரம் பார்த்தான். லென்ஸை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"அப்பா இருந்தா இன்னைக்கு ராத்திரி தூங்கியிருக்க மாட்டாரு" என்றான். "எனக்கும் சரி."

காசு என் கைக்கு வந்தது. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவசரப்படாமல் லென்ஸைக் கண்ணில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், நான் காசைப் பார்க்கவில்லை. என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வளையம் இல்லை, அரம் இல்லை. மெருகு போட்டிருக்கிறது என்று சொன்னால் லென்ஸ்காரர் சண்டைக்கு வருவார். மிச்சம் இருப்பது தேய்மானம் ஒன்றுதான். தேய்மானம் அவரவர் கண்ணைப் பொறுத்தது, யாரும் மறுத்துப் பேச முடியாது.

"ம்ஹூம்" என்றேன். "காது ரொம்ப தேஞ்சிருக்கு. கன்னத்துலயும் தேய்மானம் இருக்கு. இது நெறைய கை மாறின காசு. எனக்கு வேணாம்."

அண்ணன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். நிபந்தனைப்படி அதோடு முடிந்தது. நான் காசைக் கறுப்புத் துணியில் வைத்தேன்.

லென்ஸ்காரர் அதை எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கவரின் முதுகைத் திருப்பினார்.

"நெறைய கை மாறினதா?" என்றார்.

"ஆமா."

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. யார் எந்தக் காசைப் பாத்து என்ன சொன்னாங்கன்னு கவர்ல எழுதி வைக்கிறது என் பழக்கம். அடுத்த ஆளுக்குக் காட்டும்போது உதவும்." கவரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தார். "போன வருஷம், இதே மாசம். எக்ஸ்ரே அம்மா. காது தேயவே இல்லை, கைபடாத காசு மாதிரி இருக்கு, புழக்கம் போதாது, வேணாம்."

கவரைக் காசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு வருஷம் இது இந்தக் கவருக்குள்ளதான் தூங்கிட்டிருந்துச்சு" என்றார் லென்ஸ்காரர். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. "எப்படிம்மா தேஞ்சுது?"

என் முகத்தில் ஈயாடவில்லை. முடி அளவு விரிசலைப் பார்க்கிற கண் என்று பீற்றிக்கொண்டவள், ஒரே காசைப் போன வருஷம் பார்த்து, இந்த வருஷமும் பார்த்து, அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தடவையும் காசைப் பார்த்திருந்தால்தானே தெரியும்.

"குடிக்கத் தண்ணி கொண்டு வர்றேன்" என்று லென்ஸ்காரர் எழுந்தார். மேஜையிலேயே ஒரு கூஜாத் தண்ணீர் இருந்தது. அவர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தம்பி கவரை எடுத்துத் தானும் ஒருமுறை படித்தான். அவனுக்கு எதையும் தன் கண்ணால் பார்க்கவேண்டும்.

"அதுக்கு முந்தின வருஷம் விளிம்பு சுரண்டியிருக்குன்னு சொன்ன" என்றான். "அதுவும் பொய்யா?"

"பொய்தான்."

"அதுக்கும் முன்னால?"

"அதுவும்தான்."

"ஏன்க்கா?"

சப்பைக்கட்டு கட்ட ஒன்றும் அகப்படவில்லை. பாதி உண்மையைச் சொன்னேன். "இது நிரம்பிட்டா நீங்க ரெண்டு பேரும் அப்புறம் எங்க பாத்துக்கப் போறீங்க? இதை விட்டா உங்களை ஒண்ணா உக்கார வைக்க எனக்கு வேற வழி தெரியல."

தம்பி காசைத் துணியில் நேராக, ராணி மேலே பார்க்கும்படி வைத்தான். பேசும்போது என்னைத்தான் பார்த்தான்.

"நீ நல்லதுக்குத்தான் பண்ணியிருப்ப. ஆனா இது ஒட்டாதுக்கா. நீ இன்னும் இருபத்தஞ்சு வருஷம் இழுத்தாலும் ஒட்டாது. ஒரு ராத்திரி பொறுக்கச் சொன்னேன். ஒரே ஒரு ராத்திரி. எனக்கு அப்பாவைப் பாக்கணும்னு சொன்னேன். அதைக்கூடக் கேக்காம, தான் பெரியவன், தான் வச்சதுதான் சட்டம்னு எடுத்தேன் கவுத்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டு, இன்னைய வரைக்கும் தப்புதாண்டான்னு ஒரு வார்த்தை சொல்லல. அந்த ஆளோட நான் எதுக்குப் பேசணும்?"

அண்ணன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கற்றுக்கொள்கிறவர் வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் இடிக்கப்போகும்போதும் பிரேக்கை மெதுவாகத்தான் மிதிப்பான் என்று அவனிடம் படித்தவர்கள் சொல்வார்கள். அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். வராந்தாவில் நின்ற அதே முகம். அப்போது நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போது நான் மட்டும். அவன் இந்தத் தடவையும் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. எத்தனை வருஷம் ஆனாலும் சொல்ல மாட்டான். எனக்கு அழுகை வரவில்லை. என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது.

"கையெழுத்து போடச் சொன்னது நான்" என்றேன்.

தம்பிக்கு உடனே புரியவில்லை. "என்ன?"

"அண்ணன் பொறுக்கலாம்னுதான் நெனச்சான். காகிதத்தை எடுத்துட்டு எங்கிட்ட வந்தான். தம்பி காலையில வந்துடறேங்கறான், பொறுத்துப் பாக்கலாமான்னு கேட்டான். நாந்தான் அவனுக்காகக் காத்துட்டிருக்க முடியாது, போடுன்னு சொன்னேன். படத்தைப் பாத்தவ நான்தான். எனக்குத்தான் தெரியும்னு சொன்னேன்."

"வேணாம், விடு" என்றான் அண்ணன்.

"நீ சும்மா இரு." எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "நீ கொன்னன்னு இவன் சொன்னப்போ பக்கத்துல நின்னுட்டிருந்தேன். இவன் சொல்லட்டும்னு விட்டுட்டேன். ஒம்பது வருஷமா விட்டுட்டேன்."

தம்பி என்னைப் பார்த்தான். ஏதாவது சத்தம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தலையைச் சாய்த்துக் கேட்பானே, அந்தப் பார்வை. கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில் யாரோ ஷட்டரைப் பாதி இழுத்து நிறுத்தினார்கள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். அவன் லென்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எழுந்து நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளினான். பிறகு என் தலைக்கு மேலாகப் பேசினான்.

"அண்ணா, வண்டியிலயா வந்த?"

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஆமா. பின்னால தெருவுல நிறுத்தியிருக்கேன்."

"என்னை வீட்ல விட்டுடறியா?"

"விடறேன்."

தம்பி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். வாசலில் தண்ணீர் ஜாடியோடு நின்றுகொண்டிருந்த லென்ஸ்காரரிடம் "வர்றேங்க" என்று சொன்னது கேட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அக்கா அக்கா என்று அந்தப் பக்கத்துப் பேச்சை எல்லாம் என் வழியாகவே அனுப்பினவன், இன்றைக்கு என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

அண்ணன் எழுந்தான், போகவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏன் சொன்ன?" என்றான்.

"பின்ன எவ்வளவு நாளைக்கு?"

"நான் கேட்டேனா? ஒரு நாளாவது கேட்டேனா?" அவன் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். சத்தமே இல்லாத கோபம். "அவனுக்கு அப்பாவும் போயிட்டாரு. நானும் போயிட்டேன். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது அவனுக்கு மிஞ்சட்டும்னுதான் வாயை மூடிட்டிருந்தேன். உனக்காகன்னா நெனச்ச? அவனுக்காக."

ஒன்பது வருஷமும் அவன் என்னைக் காப்பாற்றுகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதை நினைத்து எத்தனையோ நாள் எனக்குள் நெகிழ்ந்துபோயிருக்கிறேன்.

மாடிப்படியிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "அண்ணா, வர்றியா?"

அண்ணன் கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இப்ப நீ இருக்கியே அவனுக்கு" என்றேன். "போ."

அவன் போனான். ஒரு ஆள் மட்டும் இறங்குகிற அந்தப் படியில் ஒருவர் பின் ஒருவராக இறங்குகிற சத்தம் கேட்டது. முதல் திருப்பத்தில் தம்பி ஏதோ கேட்டான், அண்ணன் ஏதோ பதில் சொன்னான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.